ஆர்டுயினோ தருவது கட்டளை மட்டுமே: சிறு ரோபோவில் மோட்டார் எப்படி ஓடுகிறது?

ரோபோ செய்யத் தொடங்கும் மாணவர்கள் அனைவரும் ஏதோ ஒரு நாள் கேட்கும் கேள்வி இது: "ஆர்டுயினோ போர்டும் 5 வோல்ட், மோட்டாரும் 5 வோல்ட்டில் ஓடும், பிறகு ஒரு பின்னில் நேராக மாட்டினால் என்ன?" ஆர்டுயினோ என்பது நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை; பின் என்பது அதில் ஒயர் மாட்டும் முனை. கேள்வி நியாயமானது. பதிலாகக் கிடைப்பதோ பெரும்பாலும் "மாட்டக் கூடாது, டிரைவர் வாங்கு" என்ற ஒற்றை வரிதான். அந்த டிரைவர் உண்மையில் என்ன செய்கிறது என்பது சொல்லப்படாததால், அது மின்சாரத்தைப் பெருக்கும் கருவி என்று சிலரும், வோல்ட்டைக் கூட்டும் கருவி என்று சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு.

சொல் கேளாமல் நேராக மாட்டிப் பார்த்தவர்கள் காண்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மோட்டார் ஒரு முறை துடிக்கும், அல்லது அசையாமல் முனகும். போர்டில் எல் என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு சிமிட்டி, நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். சில சமயம் அந்த ஒரு பின் மட்டும் நிரந்தரமாகச் செத்துப்போகும். மற்ற பின்கள் எல்லாம் வேலை செய்வதால், பழுது நிரலில்தான் இருக்கிறது என்று நம்பி நாள் கணக்கில் தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீண் உழைப்பைத் தவிர்க்கவே இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக, சென்னை ரிட்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும் ஓர் அமைப்பையே கொள்வோம்: ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, மஞ்சள் நிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் பல்சக்கரங்களோடு வரும் இரண்டு டிடி கியர் மோட்டார்கள், ஒரு பேட்டரி, ஒரு டிரைவர்.

## மோட்டார் கொட்டகையில் இருக்கும் விடை

வயலில் மோட்டார் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதன் பச்சைப் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினால் 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடத் தொடங்கும். ஆனால் மோட்டாரின் மின்சாரம் அந்தப் பொத்தான் வழியாகப் போவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சின் சுருளுக்குச் சிறிதளவு மின்சாரத்தை மட்டுமே பொத்தான் விடுகிறது; சுருள் காந்தமாகி, தடித்த உலோக முனைகளை இழுத்து ஒன்றுசேர்க்கிறது; மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் மும்முனைக் கம்பியிலிருந்து அந்த முனைகள் வழியாக நேரே போகிறது.

நம் ரோபோவில் பச்சைப் பொத்தானின் இடத்தில் இருப்பது மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரலை நினைவில் வைத்து நிறைவேற்றும் சிறு கணினிச் சில்லு. அதிலிருந்து வெளியே நீளும் உலோகக் கால்களே பின்கள். கான்டாக்டரின் இடத்தில் இருப்பது மோட்டார் டிரைவர்: சிறு மின்சாரத்தால் கட்டளையை வாங்கிக்கொண்டு, பேட்டரியின் பெரு மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும் மின்னணுச் சுவிட்சுகளின் தொகுப்பு. அது எதையும் பெருக்குவதில்லை. பேட்டரியில் இருப்பதைத் திறக்கிறது, மூடுகிறது.

## வோல்ட் ஒன்றாக இருந்தால் போதாதா?

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து சொட்டுநீர்க் குழாய் ஒன்றும் 2 அங்குலக் குழாய் ஒன்றும் கீழே வருகின்றன. தொட்டியின் உயரம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஒரு குடத்தைச் சட்டென்று நிரப்ப எந்தக் குழாய் உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தொட்டியின் உயரத்தைப் போன்றது மின்னழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். குழாயில் ஓடும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதை ஆம்பியரிலும், ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியரிலும் அளக்கிறோம்.

ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர் வரை பாதுகாப்பானது. 40 மில்லி ஆம்பியர் என்பது தாண்டவே கூடாத எல்லை. ஒரு சிறு எல்இடி விளக்குக்கு இது தாராளம். மஞ்சள் மோட்டாரோ, 6 வோல்ட்டில் சுமை எதுவும் இல்லாமல் வெறுமனே சுழலும்போதே ஏறத்தாழ 160 மில்லி ஆம்பியர் இழுக்கும்; சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் ஏறத்தாழ 1.5 ஆம்பியர் இழுக்கும். அதாவது பின்னின் பாதுகாப்பான அளவைப் போல 75 மடங்கு. இவ்வளவையும் அந்தச் சொட்டுநீர்க் குழாயிடம் கேட்டால், பின்னின் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து சரிந்து, உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் நுண்ணிய டிரான்சிஸ்டர் சூடாகிக் கருகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பின்னும் மோட்டாரும் ஒரே வோல்ட்டில் இருக்கலாம், ஆனால் மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அந்தப் பின் தர முடியாது. ஆகவே பின் கட்டளை தருகிறது, பேட்டரி மின்சாரம் தருகிறது, இரண்டுக்கும் நடுவில் டிரைவர் நிற்கிறது.

## நின்ற மோட்டார் ஏன் அதிகம் இழுக்கிறது?

சுமையின்றிச் சுழலும் மோட்டாரைவிட நின்றுபோன மோட்டார் ஒன்பது மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பது முதலில் கேட்பவருக்கு விந்தையாக இருக்கும். இந்த இடத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. ரோபோ செய்பவர்களின் குழப்பங்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மோட்டாருக்குள் காந்தங்களுக்கு நடுவே ஒரு செம்புக் கம்பிச் சுருள் சுழல்கிறது. காந்தப் புலத்தில் கம்பி நகர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பது பள்ளிப் பாடம். சைக்கிள் டைனமோ அப்படித்தான் விளக்கை எரிக்கிறது. மோட்டாரின் சுருளும் அதே காந்தப் புலத்தில்தான் நகர்கிறது. ஆகவே சுழலும் ஒவ்வொரு மோட்டாரும் அதே வேளையில் ஒரு டைனமோவாகவும் இருந்து, பேட்டரிக்கு எதிர்த் திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதற்கு எதிர் மின்னியக்கு விசை என்று பெயர். சுழற்சி வேகமானால் இது கூடும். சுழற்சி நின்றால் சுழியமாகிவிடும்.

நம் மோட்டாரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுருளின் மின்தடை ஏறத்தாழ 4 ஓம். மோட்டார் நிற்கும்போது எதிர்க்க யாரும் இல்லை. 6 வோல்ட் முழுவதும் அந்த 4 ஓம் மீது விழுகிறது. ஆறை நான்கால் வகுத்தால் 1.5 ஆம்பியர். முழு வேகத்தில் சுழலும்போது எதிர் மின்னியக்கு விசை ஏறத்தாழ 5.36 வோல்ட்டாக உயர்ந்துவிடுகிறது, மீதி 0.64 வோல்ட் மட்டுமே சுருளில் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது; அதை நான்கால் வகுத்தால் 0.16 ஆம்பியர், அதாவது மேலே சொன்ன அதே 160 மில்லி ஆம்பியர்.

ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் கணத்தில் வீட்டு விளக்கு லேசாக மங்குவதும், கல் சிக்கி நின்ற கிரைண்டர் முனகிக்கொண்டே கருகல் வாடை வீசுவதும் இதற்கு உறவான காட்சிகளே. அவற்றில் இருப்பது வேறு வகை மோட்டார்; ஆனாலும் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மிகுதியாக இழுக்கும் குணம் எல்லாவற்றுக்கும் பொது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. டிரைவரைத் தேர்ந்தெடுக்கும்போது மோட்டார் ஓடும் மின்னோட்டத்தைப் பார்க்கக் கூடாது. நின்றால் இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ரோபோ ஒவ்வொரு முறை புறப்படும்போதும், சுவரில் முட்டும்போதும், திசை மாறும்போதும் மோட்டார் ஒரு கணமாவது அந்த நிலைக்கு வருகிறது.

## அணைக்கும்போது வரும் அடி

திறந்த குழாயைப் படாரென்று மூடினால் சில வீடுகளில் சுவருக்குள் குழாய் 'டம்' என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென நிற்க முடியாமல் மோதுவதால் எழும் அடி அது. மோட்டாரின் சுருளிலும் இதுவே நடக்கிறது. சுவிட்சைத் திறந்த கணத்தில் (மின்சுற்றில் சுவிட்சைத் திறப்பது என்றால் இணைப்பைத் துண்டிப்பது, மூடுவது என்றால் இணைப்பது) சுருளைச் சுற்றியிருந்த காந்தப் புலம் சரிகிறது. சரியும் புலம் மின்னோட்டத்தை நிறுத்த விடாமல் தள்ளுகிறது. போக வழி இல்லாததால் மின்னழுத்தம் ஒரு கணம் பேட்டரியின் அளவைப் போலப் பல மடங்கு எகிறுகிறது. டிரான்சிஸ்டரைக் கொல்ல அந்த ஒரு கணமே போதும்.

இதற்குத் தீர்வு டையோடு. கிணற்றுக் குழாயின் அடியில் பொருத்தும் ஃபுட் வால்வு நீரை ஒரு திசையில் மட்டும் விடுவதைப் போல, டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும். சுவிட்ச் மூடியிருக்கும்போது அது குறுக்கே வராது. சுவிட்ச் திறந்ததும் எஞ்சிய மின்னோட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றித் தணிய ஒரு வழியைத் திறந்துவிடும். எல்293டி என்ற டிரைவர் சில்லில் இந்த டையோடுகள் உள்ளேயே இருக்கின்றன. எல்298என் என்ற மற்றொரு டிரைவர் சில்லில் இல்லை. அதனால்தான் அது பொருத்தப்பட்டு வரும் சிவப்புப் பலகையில் சில்லைச் சுற்றி எட்டு கறுப்பு டையோடுகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. மோட்டார் ஒரே திசையில் சுழன்றால் போதும் என்றால், சிறு விசிறிக்குச் செய்வது போல, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு டையோடுமே போதும்.

## முன்னும் பின்னும்: எச் பிரிட்ஜ்

பொம்மைக் கார் மோட்டாரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்: இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றித் தொட்டால் அது எதிர்த் திசையில் சுழலும். ரோபோ ஓடும்போது யாரும் கை வைத்து ஒயரை மாற்ற முடியாது. அந்த வேலையை நான்கு சுவிட்சுகள் செய்கின்றன. ஆங்கில எச் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு மோட்டார். இரண்டு செங்குத்துக் கோடுகளிலும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக நான்கு சுவிட்சுகள். மேல் முனைகள் பேட்டரியின் நேர்முனையிலும் கீழ் முனைகள் எதிர்முனையிலும் இணைந்திருக்கும். இடப்புற மேல் சுவிட்சும் வலப்புறக் கீழ் சுவிட்சும் மூடினால் மின்னோட்டம் மோட்டாரில் இடமிருந்து வலமாகப் போகும். மற்ற இரண்டையும் மூடினால் வலமிருந்து இடமாகப் போகும். இந்த அமைப்பே எச் பிரிட்ஜ்.

ஒரே பக்கத்தின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் சேர்ந்து மூடிவிட்டால் மோட்டாரைத் தொடாமலேயே பேட்டரியின் இரு முனைகளும் நேராக மோதிக்கொள்ளும். தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்து எச் பிரிட்ஜ் கட்டும் தொடக்கநிலையாளர்கள் புகையைப் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பிழையால்தான். ஆயத்தச் சில்லில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டளைக் கால்தான் உண்டு. அது மேலதை மூடினால் கீழதைத் தானே திறந்துவிடும். ஆகவே முதல் ரோபோவுக்கு ஆயத்த டிரைவரை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

எல்298என் பலகையில் ஒரு மோட்டாருக்கு ஐஎன்1, ஐஎன்2 என்று இரண்டு கட்டளைக் கால்களும், இஎன்ஏ என்ற அனுமதிக் காலும் இருக்கும். ஒன்று உயர்நிலை (5 வோல்ட்), மற்றது தாழ்நிலை (சுழியம்) என்றால் ஒரு திசை, மாற்றினால் மறுதிசை. அனுமதி இருக்கும்போது இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றாக இணைந்து, அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமே அதற்குப் பிரேக்காகிவிடும். அனுமதியை எடுத்துவிட்டால் பிரேக் இல்லாமல் தானாக உருண்டு நிற்கும்.

## வேகத்தைக் குறைப்பது எப்படி?

பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர் பெட்டியைத் தொட்டால் சுடும். உள்ளே இருந்த மின்தடைக் கம்பி, விசிறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை வெப்பமாக்கி வீணாக்கியே வேகத்தைக் குறைத்தது. மைக்ரோகண்ட்ரோலர் அப்படிச் செய்வதில்லை. சைக்கிளில் நாலு மிதி மிதித்துவிட்டுக் கொஞ்ச தூரம் மிதிக்காமல் போய், மறுபடி மிதிப்பவரை எண்ணிப் பாருங்கள்: மிதிக்கும் நேரம் குறைந்தால் சராசரி வேகம் குறையும். அதைப் போலவே, மோட்டாருக்கு முழு மின்னழுத்தத்தையும் கொடுத்து, முற்றிலும் நிறுத்தி, மறுபடி கொடுப்பதை மிக வேகமாகச் செய்வது பல்ஸ் விட்த் மாடுலேஷன், சுருக்கமாக பி.டபிள்யூ.எம். அதாவது துடிப்பின் அகலத்தை மாற்றி ஆற்றலைக் கட்டுப்படுத்தும் முறை.

ஊனோவில் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களால் இதைச் செய்ய முடியும். அனலாக்ரைட் என்ற கட்டளைக்கு 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தருகிறோம். 9ஆம் பின்னில் இப்படிக் கொடுத்து நிறுத்துவது வினாடிக்கு ஏறத்தாழ 490 முறை நடக்கும். அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மில்லி வினாடி. 128 என்று தந்தால் அதில் பாதி நேரம் 5 வோல்ட், பாதி நேரம் சுழியம். மல்டிமீட்டரை வைத்தால் 2.5 வோல்ட் என்று காட்டும். "பி.டபிள்யூ.எம் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது" என்ற தவறான எண்ணம் இந்த அளவீட்டிலிருந்துதான் பிறக்கிறது. மீட்டர் காட்டுவது சராசரியை; பின்னில் எந்தக் கணத்திலும் 2.5 வோல்ட் இருப்பதில்லை.

இடைவெளிகளில் மோட்டார் ஏன் வெட்டி வெட்டி ஓடுவதில்லை? சுழலும் பாகங்களின் எடை ஒரு காரணம். மற்றொன்று, முன்பு அடியாக வந்த அதே சுருளின் குணம்: நிறுத்திய நேரத்திலும் மின்னோட்டத்தை அது தள்ளிக்கொண்டே இருக்கிறது, டையோடு அதற்கு வழிவிடுகிறது. மெதுவான வேகத்தில் மோட்டாரிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். வினாடிக்கு 490 துடிப்பு காதுக்கு எட்டும் ஒலி என்பதால் அது பழுதல்ல. எண்ணை மிகவும் குறைத்தால் ரீங்காரம் மட்டும் கேட்கும், சக்கரம் அசையாது. பல்சக்கரங்களின் உராய்வைத் தாண்டும் அளவு தள்ளல் இல்லை என்று பொருள். உங்கள் மோட்டார் எந்த எண்ணில் நகரத் தொடங்குகிறது என்று ஒரு முறை சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்298என் பலகையில் இஎன்ஏ காலின் மீது ஒரு சிறு பிளாஸ்டிக் ஜம்பர், அதாவது இரு கால்களை இணைக்கும் மூடி, மாட்டியே வரும். அது இருக்கும் வரை அனுமதி எப்போதும் முழுமையாக இருக்கும். நிரலில் எந்த எண்ணை எழுதினாலும் வேகம் மாறாது. வேகம் வேண்டுமென்றால் அதைக் கழற்றி, அந்தக் காலைப் பி.டபிள்யூ.எம் பின்னோடு இணைக்க வேண்டும்.

மீண்டும் ஒரு முறை: எச் பிரிட்ஜ் திசையைத் தீர்மானிக்கிறது; பி.டபிள்யூ.எம் வேகத்தைத் தீர்மானிக்கிறது; டையோடுகள் இரண்டும் பாதுகாப்பாக நடக்க வழிசெய்கின்றன.

## டிரைவர் தின்னும் வோல்ட்

எல்298என் பழைய வகை இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1 ஆம்பியர் ஓடும்போது அது தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ட்டை, சில சமயம் 3 வோல்ட் வரைகூட, எடுத்துக்கொள்ளும். நான்கு சாதாரண பென்சில் பேட்டரிகளின் 6 வோல்ட்டைத் தந்தால் மோட்டாருக்கு 4 வோல்ட்தான் மிஞ்சும். மீதி அந்தப் பலகையின் கறுப்பு வெப்பத் தகட்டைச் சூடாக்கும். "பேட்டரி புதிது, ஆனால் ரோபோ மெதுவாகப் போகிறது" என்ற புகாருக்கு இதுவே வழக்கமான காரணம். டிபி6612எஃப்என்ஜி என்ற டிரைவரில் மாஸ்ஃபெட் என்ற புதிய வகைச் சுவிட்சுகள் இருப்பதால், 1 ஆம்பியரில் அரை வோல்ட் அளவே இழப்பு. தொடர்ந்து 1.2 ஆம்பியரும் கணநேரத்துக்கு 3.2 ஆம்பியரும் அது தாங்கும். மஞ்சள் மோட்டாருக்கு என் தேர்வு இதுதான். அதன் எஸ்டிபிஒய் என்ற காலை உயர்நிலையில் வைக்க மறந்தால் மட்டும் எதுவும் அசையாது. எல்293டி ஒரு மோட்டாருக்கு 600 மில்லி ஆம்பியர்தான் தொடர்ந்து தரும். நின்ற மோட்டாரின் 1.5 ஆம்பியருக்கு அது போதாது.

## பேட்டரியும் பொதுக் கிரவுண்டும்

ஒரு பள்ளிப் பட்டறையில் கோட்டைப் பின்பற்றிச் செல்லும் ரோபோ ஒன்று நேராக அழகாக ஓடியது. ஆனால் திரும்பும் ஒவ்வொரு முறையும் நின்று, முதலிலிருந்து தொடங்கியது. சென்சார்களையும் நிரலையும் மாற்றி மாற்றிச் சோதித்து மாணவர்கள் சலித்திருந்தார்கள். செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துவிட்டு ரோபோவைத் திருப்பச் சொன்னேன். 9 என்று நின்ற எண் 6க்குக் கீழே விழுந்து மறுபடி எழுந்தது. ஊனோவின் பவர் நுழைவுக்கு 7 முதல் 12 வோல்ட் வேண்டும். புகை அறிவிப்பான் போன்ற சிறு செலவுக் கருவிகளுக்காக உருவான அந்தப் பேட்டரியின் உள்மின்தடை அதிகம். மோட்டார் கேட்ட கணத்தில் அதன் மின்னழுத்தம் படுத்துவிடுகிறது, கூடவே போர்டும் மயங்கி விழுகிறது. மோட்டார்களுக்குத் தனியாக நான்கு பென்சில் பேட்டரிகள் வைத்ததும் அதே நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், ஒழுங்காக ஓடியது.

இப்படி இரண்டு மின்மூலங்களை வைக்கும்போது அடுத்த தவறு காத்திருக்கிறது. நேர்முனைகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். ஆனால் எதிர்முனைகளை, அதாவது கிரவுண்ட்களை, ஒன்றாக இணைத்தே ஆக வேண்டும். "பத்தடி உயரம்" என்று ஒருவர் தரையிலிருந்தும் மற்றவர் மொட்டை மாடியிலிருந்தும் அளந்தால் பேச்சு பொருந்தாது. பின் சொல்லும் 5 வோல்ட் என்பது போர்டின் கிரவுண்டிலிருந்து அளந்த உயரம்; டிரைவரும் அதே இடத்திலிருந்து அளந்தால்தான் கட்டளை அதற்குப் புரியும். இந்த ஒரு ஒயர் விடுபட்டால் மோட்டார் ஓடாது, அல்லது தன்னிச்சையாகத் துடிக்கும்.

## முதல் சோதனை

ரோபோவை ஒரு டப்பாவின் மேல் வைத்துச் சக்கரங்கள் காற்றில் சுழலும்படி செய்துகொள்ளுங்கள். பேட்டரியை மாட்டுவதற்கு முன் கிரவுண்ட் ஒயரைக் கையால் தொட்டுச் சரிபாருங்கள். ஒரே ஒரு மோட்டாரை மட்டும் இணைத்து, முதலில் முழு வேகத்தில் ஒரு திசை, பிறகு நிறுத்தி அரை வினாடி இடைவெளி விட்டு மறுதிசை, அதன்பின் பாதி வேகம் என்று சோதியுங்கள். மோட்டார் முனைகளில் பொறிகளால் எழும் மின் இரைச்சல் சென்சார்களைக் குழப்பினால், இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் இரண்டாவது மோட்டாரை இணைத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒரு சக்கரத்தை விரல்களால் அரை வினாடி பிடித்து நிறுத்துங்கள். எல் விளக்கு சிமிட்டாமல், நிரல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து, விரலை எடுத்ததும் சக்கரம் பழைய வேகத்துக்கு வந்தால், ரோபோவைத் தரையில் இறக்கலாம்.